நாய்களின் முழங்கால் மூட்டு: படங்கள் காட்டும் கோணங்களும் அவை எழுப்பும் கேள்விகளும்

பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டும் நாய்கள் கால்நடை மருத்துவமனைகளுக்கு அடிக்கடி கொண்டுவரப்படுகின்றன. வளர்ந்த நாய்களில் இதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது முழங்கால் மூட்டுக்குள் உள்ள ஒரு தசைநார் நைந்து அறுந்துபோவதாகும். இந்த நோய்க்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் இன்று முதன்மையானவை, நாரைத் தைப்பதற்குப் பதிலாக எலும்பை வெட்டித் திருப்பி, மூட்டின் சரிவையே மாற்றுகின்றன. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது எக்ஸ்ரே படத்தின் மீது வரையப்படும் இரண்டு கோடுகளும் அவற்றுக்கு இடையிலான கோணமும்தான்.

அந்தக் கோணம் எப்படி அளக்கப்படுகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், அது நோயின் காரணத்தைச் சொல்கிறதா அல்லது சிகிச்சைக்கான கணக்கை மட்டும் சொல்கிறதா என்பவை கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கால்நடை எலும்பியல் துறையில் விவாதிக்கப்பட்டு வரும் கேள்விகளாகும்.

மூட்டின் அமைப்பு

நாயின் முழங்கால் மூட்டு அடிப்படையில் மனிதரின் முழங்காலைப் போன்றதே. மேலே தொடை எலும்பு, கீழே டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பு, முன்புறம் முழங்கால் சில்லு ஆகியவை அதில் அடங்கியுள்ளன. தொடை எலும்பின் உருண்டையான இரு முனைகளும் டிபியாவின் மேற்பரப்பில் அமர்ந்துள்ளன. இந்த மேற்பரப்பு டிபியா மேடை என அழைக்கப்படுகிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவக் குருத்தெலும்புத் தட்டுகள் இரண்டு உள்ளன. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு தசைநார்கள் சிலுவைத் தசைநார்கள் எனப்படுகின்றன.

ஆனால் இரண்டு முக்கிய வேறுபாடுகள் உண்டு. மனிதர் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. நாயோ நிற்கும்போதும் முழங்காலை மடக்கியே வைத்திருக்கிறது. அடுத்ததாக, நாயின் டிபியா மேடை பின்புறம் நோக்கி மிகவும் சரிந்துள்ளது. மனிதர்களில் இந்தச் சரிவு பொதுவாகப் பத்து டிகிரிக்குள் அடங்கிவிடும். நாய்களில் இருபது முதல் முப்பது டிகிரி வரை காணப்படுவது வழக்கம்.

இதன் விளைவை, மேட்டில் கயிற்றால் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு வண்டியைக் கொண்டு விளக்கலாம். வண்டியின் எடை கயிற்றை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மேடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்குக் கயிற்றின் மீதான இழுவையும் கூடும். நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கவும், டிபியா முன்னோக்கித் தள்ளப்படவும் முற்படுகின்றன. அதைத் தடுத்து நிறுத்தும் கயிறு முன்புறச் சிலுவைத் தசைநார் ஆகும்.

மனிதர்களில் இந்த நார் பெரும்பாலும் விளையாட்டின்போதோ விபத்திலோ திடீரென அறுகிறது. நாய்களில் பெரும்பாலும் அது பல மாதங்களாக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், நைந்து வந்து கடைசியில் ஒரு சாதாரண ஓட்டத்தில் அறுந்துபோகிறது. ஒரு காலில் நார் அறுந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு மறு காலிலும் அதே நிலை ஏற்படக்கூடும் என்பது மருத்துவர்களின் அனுபவம்.

நாரிலிருந்து சரிவுக்கு

நாய்களில் இந்த நார் அறுவது குறித்துக் கார்லின் என்பவர் 1926-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் சாகி பாட்சமா வெளியிட்ட ஆய்வேடு, இந்த நோயை விரிவாக ஆராய்ந்ததுடன், அறுந்த நாருக்குப் பதிலாக நாயின் சொந்தத் திசுவிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மூட்டுக்குள் செலுத்தும் அறுவை முறையையும் முன்வைத்தது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகள் வரை வந்த முறைகளில் பெரும்பாலானவை, அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறொரு கயிற்றை மூட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ கட்டுவதாகவே அமைந்தன.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கால்நடை அறுவை மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் இந்தச் சிந்தனையைத் திருப்பிப் போட்டார். அவரும் தெரேசா டிவைனும் 1983-ல் வெளியிட்ட கட்டுரை, டிபியாவை முன்னோக்கித் தள்ளும் விசையே இந்த மூட்டின் அடிப்படைச் சிக்கல் என்று வாதிட்டது. கயிறு அறுந்தால் புதுக் கயிறு கட்டுவதைவிட மேட்டையே சமன் செய்துவிடலாம் என்பது அதன் உட்பொருள். 1984-ல் டிபியாவிலிருந்து ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை அகற்றிச் சரிவைக் குறைக்கும் முறையையும், 1993-ல் டிபியாவின் மேற்பகுதியை வட்ட வடிவில் அறுத்துச் சுழற்றி, உலோகத் தகட்டால் பொருத்தும் முறையையும் அவர்கள் விவரித்தனர். பின்னது டி.பி.எல்.ஓ. என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் ஸ்லோபோடான் டெபிச்சும் அவருடன் பணியாற்றியோரும் 2002-ல் அறிமுகப்படுத்திய டி.டி.ஏ. என்ற முறை வேறொரு வழியைத் தேர்ந்தது. அதில் சரிவு மாற்றப்படுவதில்லை. சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் டிபியாவில் இணையும் எலும்பு முனை வெட்டி முன்னோக்கி நகர்த்தப்படுகிறது. தசைநாணுக்கும் டிபியா மேடைக்கும் இடையிலான கோணம் தொண்ணூறு டிகிரி ஆகும்போது முன்னோக்கித் தள்ளும் விசை இல்லாமல் போகும் என்பது இதன் அடிப்படை.

இரு முறைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: கத்தியை எடுப்பதற்கு முன்பே படத்தின் மீது கோணத்தை அளந்தாக வேண்டும். எக்ஸ்ரே படம் இதன் வழியே நோயறியும் கருவி என்ற நிலையிலிருந்து, தச்சரின் அளவுகோலைப் போன்ற ஒரு பணிக்கருவியாகவும் மாறியது.

கோணம் அளக்கப்படும் விதம்

டி.பி.எல்.ஓ. அறுவைக்காக நாய் பக்கவாட்டில் படுக்க வைக்கப்பட்டு, முழங்காலும் கணுக்காலும் தொண்ணூறு டிகிரி மடக்கப்பட்ட நிலையில் படம் எடுக்கப்படுகிறது. இரு மூட்டுகளும் ஒரே படத்தில் விழ வேண்டும். வலியுள்ள காலை அசையாமல் இப்படி வைக்க நாய்க்கு உறக்க மருந்து அல்லது மயக்க மருந்து தேவைப்படுகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு கருதி, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஊழியர்கள் விலங்கைக் கையால் பிடித்துக்கொண்டு படமெடுப்பது விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே ஏற்கப்படுகிறது.

படம் கிடைத்ததும் முதல் கோடு, டிபியாவின் மேல்முனையில் உள்ள எலும்பு முகட்டின் நடுவிலிருந்து கணுக்கால் எலும்பின் மையம் வரை வரையப்படுகிறது. இது டிபியாவின் இயக்க அச்சு. இரண்டாவது கோடு, டிபியா மேடையின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் இணைக்கிறது. அச்சுக்குச் செங்குத்தாக மூன்றாவது கோடு ஒன்று வரையப்பட்டு, அதற்கும் மேடைக் கோட்டுக்கும் இடையிலான கோணம் அளக்கப்படுகிறது. இதுவே டிபியா மேடைக் கோணம்.

அறுவையில் இந்தக் கோணம் ஏறத்தாழ 5 டிகிரிக்குக் குறைக்கப்படுகிறது. உதாரணமாக, ஒரு நாயின் கோணம் 25 டிகிரி என்றால் எலும்புத் துண்டு 20 டிகிரி சுழற்றப்பட வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைந்த ரம்பத்தால் எலும்பு அறுக்கப்பட்டால், இந்தச் சுழற்சி அறுத்த விளிம்பில் சுமார் 8.3 மில்லிமீட்டர் நகர்வாகும். அறுவை மருத்துவர் எலும்பின் மீது குறிப்பது இந்த மில்லிமீட்டர் கணக்கைத்தான். அதே ரம்பத்துக்கு ஒரு டிகிரி என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம்.

எக்ஸ்ரே படம் பொருளைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. கோணம் இதனால் மாறுவதில்லை என்றாலும், ரம்பத்தின் அளவையும் தகட்டின் நீளத்தையும் படத்திலிருந்து தேர்வு செய்யும்போது பிழை நேரலாம். ஆகவே, அளவு தெரிந்த உலோக உருண்டை அல்லது கோல் ஒன்று எலும்பின் உயரத்திலேயே வைக்கப்பட்டுப் படமெடுக்கப்படுகிறது. படத்தில் அதன் அளவைக் கொண்டு கணினி மற்ற அளவுகளைத் திருத்திக்கொள்கிறது.

அளவீட்டில் நேரும் பிழைகள்

கோடு வரைவது எளிதாகத் தோன்றினாலும், எங்கிருந்து எங்கே வரைவது என்பதில் மனிதக் கண்ணுக்குக் கண் வேறுபாடு உண்டு. 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே மருத்துவர் ஒரே படத்தை மீண்டும் அளக்கும்போது மூன்று டிகிரிக்கு மேலும், வெவ்வேறு மருத்துவர்கள் அளக்கும்போது ஏறத்தாழ ஐந்து டிகிரி வரையும் முடிவு விலகக்கூடும் எனக் காட்டியது. மேடையின் பின் விளிம்பைச் சரியாக இனங்காண்பது கடினமாக இருப்பது இதற்கு ஒரு காரணம். மூட்டுத் தேய்மானத்தால் விளிம்பில் புது எலும்பு முளைத்திருந்தால் அந்தக் கடினம் மேலும் கூடுகிறது.

கால் வைக்கப்படும் நிலை மற்றொரு காரணம். கதிர்க்கற்றையின் மையம் மூட்டின் மீது விழாமல் சற்று விலகினாலோ, கால் சற்றுத் திரும்பியிருந்தாலோ, உண்மையில் மாறாத ஒரு கோணம் படத்தில் மாறித் தெரியும். சரியான படத்தில் தொடை எலும்பின் இரு முனைகளும் ஒன்றன் மீது ஒன்றாகப் பொருந்தி ஒரே உருவாகத் தெரிய வேண்டும். இரண்டும் பிரிந்து தெரிந்தால் படத்தை மீண்டும் எடுப்பதே முறை. முப்பரிமாண எலும்பின் நிழலை இருபரிமாணத் தட்டில் விழச்செய்யும் எந்த முறைக்கும் இந்தக் குறைபாடு இயல்பானது.

இந்தப் பிழை எந்த அளவுக்கு நாயின் நடையைப் பாதிக்கிறது என்பது தனிக் கேள்வி. டி.பி.எல்.ஓ. செய்துகொண்ட லாப்ரடார் நாய்களை விசையளக்கும் தட்டின் மீது நடக்க வைத்து ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு, அறுவைக்குப் பிந்தைய கோணம் பூஜ்யத்திலிருந்து 14 டிகிரி வரை வேறுபட்டிருந்தும், கால் ஊன்றும் விசையில் அதற்கேற்ற வேறுபாடு காணப்படவில்லை எனத் தெரிவித்தது. அதாவது, சிகிச்சைக்குச் சற்றுத் தாராளமான எல்லை உள்ளது. ஓரிரு டிகிரிப் பிழையால் அறுவை தோற்றுவிடுவதில்லை. ஆனால் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோயின் காரணத்தைத் தேடும் ஆய்வுகளில், அதே ஓரிரு டிகிரி முடிவையே மாற்றிவிடக்கூடும்.

சரிவுதான் காரணமா?

சரிவு அதிகமுள்ள நாய்களுக்கே நார் அறுகிறதா என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், நார் பாதிக்கப்பட்ட நாய்களின் சராசரிக் கோணம் சுமார் 24 டிகிரியாகவும், பாதிக்கப்படாத நாய்களில் சுமார் 18 டிகிரியாகவும் இருந்தது. இது சரிவே காரணம் என்ற கருத்துக்கு வலுச் சேர்ப்பதாகக் கருதப்பட்டது.

ஆனால் 2003-ல் லாப்ரடார் நாய்களை மட்டும் ஒப்பிட்ட ஆய்வில் நோயுள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த நோய் அரிதாகவே வரும் கிரேஹவுண்ட் இனத்தை, அடிக்கடி வரும் லாப்ரடாருடன் ஒப்பிட்டது. வழக்கமான முறையில் அளந்தபோது, நார் அறுந்த லாப்ரடார்களைவிட ஆரோக்கியமான லாப்ரடார்களின் சராசரிக் கோணம் சற்றே அதிகமாகவே இருந்தது. நாய்கள் நிற்கும் நிலையில் படமெடுத்துத் தரையுடன் ஒப்பிட்டபோதோ, எல்லாக் குழுக்களிலும் டிபியா மேடை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே இருந்தது. படுத்த நிலையில் அளக்கப்படும் கோணம், நாய் தன் காலைப் பயன்படுத்தும் விதத்தை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை என்பதை இது உணர்த்தியது.

மரபணு, உடல் எடை, கருத்தடை அறுவை செய்யப்படும் வயது, மூட்டுக்குள் ஏற்படும் அழற்சி ஆகியவற்றின் பங்கு குறித்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. நியூஃபவுண்ட்லாந்து இன நாய்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அவற்றில் 22 சதவீதத்துக்கு இந்த நோய் இருந்ததாகவும், மரபுவழிப் பங்கு கணிசமானது என்றும் 2006-ல் தெரிவித்தனர். ஒரே ஒரு கோணத்தைக் கொண்டு நோயை முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் நிலைப்பாடு. மிக அதிகச் சரிவு, அதாவது 34 டிகிரிக்கு மேற்பட்ட கோணம், தனி வகையாகவே கருதப்படுகிறது. அத்தகைய கால்களுக்கு வழக்கமான சுழற்சி மட்டும் போதாமல் வேறு வெட்டுகளும் தேவைப்படலாம்.

சில்லு விலகலும் சி.டி. ஸ்கேனும்

படங்களின் அளவீடு தேவைப்படும் மற்றொரு முக்கிய நோய் முழங்கால் சில்லு இடம்பெயர்வதாகும். சில்லு தொடை எலும்பின் முன்புறப் பள்ளத்தில் மேலும் கீழுமாக நகர வேண்டும். சிறிய இன நாய்களில் அது பெரும்பாலும் உட்புறமாக வழுகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நாய் சில அடிகள் காலைத் தூக்கிக்கொண்டு தாவிவிட்டு, மீண்டும் இயல்பாக ஓடுவது இதன் அடையாளம். கையால் பரிசோதித்து இதை நான்கு நிலைகளாக வகைப்படுத்தும் முறை 1960-களின் இறுதியிலிருந்து வழக்கில் உள்ளது.

எனினும், கால் முழுவதும் வளைந்திருப்பதால் சில்லு விலகுகிறதா அல்லது பள்ளம் ஆழமின்றி இருப்பதால் விலகுகிறதா என்பதைக் கை சொல்லாது. இதற்கு, மனிதர்களின் கால் வளைவுகளைத் திருத்தும் எலும்பியலில் உருவான கோண அளவீடுகள் நாய்களுக்கும் தழுவப்பட்டன. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் ஆகிய நான்கு இனங்களின் தொடை எலும்புகளை அளந்து 2007-ல் வெளியான ஆய்வு, எலும்பின் அச்சுக்கும் முழங்கால் மூட்டுக் கோட்டுக்கும் இடையிலான வெளிப்புறக் கோணம் சராசரியாக 94 முதல் 98 டிகிரி வரை இருப்பதைக் காட்டியது. இக்கோணம் 102 டிகிரியையோ அதற்கு மேலோ எட்டினால் தொடை எலும்பை வெட்டி நேராக்குவது பற்றி மருத்துவர்கள் பலர் யோசிக்கின்றனர். சிறிய இனங்களுக்கு இந்த எல்லை அப்படியே பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது.

தொடை எலும்பு வளைந்திருப்பதோடு முறுக்கியும் இருந்தால் எக்ஸ்ரே படம் ஏமாற்றிவிடும். முறுக்கு வளைவாகத் தெரியும். நேரான எலும்பும் சரியாக வைக்கப்படாவிட்டால் வளைந்ததாகத் தோன்றும். லண்டனில் 1971-ஆம் ஆண்டு முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டு, அதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த சி.டி. ஸ்கேன் இங்கே உதவிக்கு வருகிறது. எலும்பு மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கப்பட்டுக் கணினியில் முழு உருவமாகக் கட்டப்படுவதால், நாய் எப்படிப் படுத்திருந்தாலும் பின்னர் உருவத்தைத் திருப்பி அளக்கலாம். முறுக்கு, பள்ளத்தின் ஆழம், சில்லின் தசைநாண் இணையும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடலாம். அந்த உருவத்தைக் கொண்டு, குறிப்பிட்ட நாயின் எலும்பில் மட்டுமே பொருந்தும் வெட்டு வழிகாட்டிகளை முப்பரிமாண அச்சில் உருவாக்கும் மையங்களும் உள்ளன.

எந்தப் படம் எதைக் காட்டும்?

அறுந்த சிலுவைத் தசைநார் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை என்பதைப் பல உரிமையாளர்கள் அறிந்திருப்பதில்லை. மூட்டில் நீர் கோத்திருப்பது, அதனால் சில்லுக்குப் பின்னுள்ள கொழுப்புத் திட்டு நசுங்கியிருப்பது, விளிம்புகளில் எலும்பு முளைத்திருப்பது, டிபியா முன்னோக்கி நகர்ந்திருப்பது போன்ற மறைமுக அடையாளங்களே அதில் புலப்படும். நாரையும் மெனிஸ்கஸையும் நேரடியாகக் காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஆனால் அதற்குப் பொது மயக்க மருந்து வேண்டும், செலவும் அதிகம். சிறிய நாயின் மூட்டில் நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டுவதும் எளிதல்ல. எனவே மெனிஸ்கஸ் கிழிந்துள்ளதா என்பதைப் பெரும்பாலும் அறுவையின்போது மூட்டைத் திறந்தோ, ஆர்த்ரோஸ்கோப் எனப்படும் நுண்குழாய்க் கருவியைச் செலுத்தியோ நேரில் பார்த்தே உறுதி செய்கின்றனர்.

கோணங்களைக் கணினியே அளக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் அண்மை ஆண்டுகளில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு வருகின்றன. ஒரே படத்தை நூறு முறை கொடுத்தாலும் அவை ஒரே விடையைத் தரும் என்பது அவற்றின் பலம். கோணலாக எடுக்கப்பட்ட படத்துக்கும் அதே உறுதியுடன் விடை தரக்கூடும் என்பது அவற்றின் பலவீனம்.

செலவும் பலனும்

இந்த நோயின் பொருளாதாரச் சுமை பெரிது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டில் மட்டும் நாய் உரிமையாளர்கள் இதற்காக 132 கோடி டாலர் செலவிட்டதாக 2005-ல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. எலும்பு வெட்டும் அறுவைக்கான கட்டணம் பல குடும்பங்களுக்குத் தாங்க முடியாததாக உள்ளது. ஆகவே, அது அவசியம்தானா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இதற்கான சான்றுகளில் 2013-ல் வெளியான இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் ஒன்று 80 நாய்களைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் பிரித்து, பாதிக்கு டி.பி.எல்.ஓ. அறுவையும் மற்றவற்றுக்கு மூட்டுக்கு வெளியே உறுதியான நூல் கட்டும் அறுவையும் செய்தது. இரு குழுக்களும் முன்னேற்றம் கண்டன. எனினும் கால் ஊன்றும் விசையிலும் உரிமையாளர்களின் திருப்தியிலும் டி.பி.எல்.ஓ. முந்தி நின்றது. மற்றோர் ஆய்வு உடல் பருத்த நாய்களை எடுத்துக்கொண்டது. எடைக் குறைப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வலி மருந்தும் மட்டும் பெற்ற நாய்களில், ஓராண்டு முடிவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நல்ல நிலையை எட்டின. அவற்றுடன் அறுவையும் செய்துகொண்டவற்றில் இது நான்கில் மூன்று பங்காக இருந்தது.

இந்த எண்கள் இரு தரப்புக்கும் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. அறுவை பொதுவாக மேலான பலனைத் தருகிறது, விரைவாகவும் தருகிறது. ஆனால் வசதியற்ற ஒருவர் தம் நாயின் எடையைக் குறைத்து, முறையாகப் பயிற்சி அளித்தால் அது வீண் முயற்சியல்ல.

எக்ஸ்ரே படத்தில் எழுதப்படும் கோணம் இந்தத் தேர்வைத் தானாகச் செய்துவிடுவதில்லை. நாயின் எடை, வயது, மெனிஸ்கஸின் நிலை, மறு காலின் உடல்நலம், குடும்பத்தின் வசதி ஆகியவை அனைத்தும் அதில் சேர்கின்றன. எலும்பை வெட்டுவது என்று முடிவான பிறகு எவ்வளவு திருப்புவது என்பதை அந்தக் கோணம் தெளிவாகச் சொல்லும். அதற்கும் படம் நேராக எடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஒருவருக்கு இருவராக அளந்து சரிபார்த்திருக்க வேண்டும். மருத்துவரிடம் 26 டிகிரி என்ற விடையைப் பெறும் உரிமையாளர், படத்தைக் காட்டச் சொல்லி, தொடை எலும்பின் இரு முனைகளும் அதில் ஒன்றாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று கேட்பது பொருத்தமான கேள்வியே.